சுபக்தியின் வாக்குமூலம்

எனக்குக் கோபம் வந்தால் அரை மணி நேரத்தில் இறங்கிவிடும். பாத்திரத்தை நாலு தட்டுத் தட்டினால் போதும், அதோடு சரி. பக்தவத்சலம் சார் விஷயத்தில் மட்டும் அது ஏழு மாதம் நின்றது. தானாக நிற்கவில்லை. இறங்க விடாமல் நானேதான் பார்த்துக்கொண்டேன்.

நான் உஷா. மல்காஜ்கிரி. மூன்று தலைமுறையாக ரயில்வேயை நம்பி இந்தத் தெலுங்கு ஊரில் இருக்கிற தமிழ்க் குடும்பம். என் வீட்டுக்காரர் அனந்தகிருஷ்ணனுக்கும் ரயில்வேயில்தான் வேலை. 2007-ஆம் வருஷம் ஊரே ஹைடெக் சிட்டியில் உட்கார்ந்து அமெரிக்காவுக்குக் கம்ப்யூட்டர் கோடு எழுதிக்கொண்டிருந்தது. நாங்கள் சனத்நகரில் ஒரு லேத் பட்டறை மாடியில் உட்கார்ந்து இந்தோனேசியாவுக்கு அழுகை எழுதிக்கொண்டிருந்தோம்.

நிஜமாகத்தான் சொல்கிறேன். அந்த ஊர் டிவி சீரியலுக்கு சினெட்ரான் என்று பெயர். எடுக்கிற முதலாளிகளில் சிலர் நம் பக்கத்து ஆட்கள். எங்கள் முதலாளி பாக் லச்மன், ஜகார்த்தாவிலேயே பிறந்து வளர்ந்த சிந்திக்காரர். 'பாக்' என்றால் அங்கே ஐயா மாதிரி. கதைக்கு இந்தியாவில் ஆள் தேடினார். பக்தவத்சலம் சார் மெட்ராஸில் டப்பிங் வசனம் எழுதிக்கொண்டிருந்தவர். எப்படியோ அவரைப் பிடித்தார். சார் என்னைப் பிடித்தார்.

கதை முழுக்க என்னுடையது. லாராஸ் என்று ஒரு கிராமத்துப் பெண். கல்யாண மேடைகளில் டங்டுட் பாடுகிறவள். தபலாவும் புல்லாங்குழலும் வைத்து, கேட்டால் இடுப்பு சும்மா இருக்காது, அப்படி ஒரு பாட்டு அது. அவளுடைய தொலைந்துபோன அம்மா, அவள் காதலிக்கிற பணக்காரப் பையன், அவனுடைய ராட்சசி அம்மா, எல்லாவற்றையும் நான்தான் எழுதினேன்.

அங்கே வேலை நடக்கிற விதமே தனி. அன்றைக்குச் சாயங்காலம் ஒளிபரப்பாக வேண்டியதை அன்றைக்குக் காலையில்தான் எடுப்பார்கள். ஒளிபரப்பைத் துரத்துவது என்று அதற்கு அவர்கள் பாஷையில் பெயரே உண்டு. ஜகார்த்தா கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், நம் எட்டு மணிக்குக் காட்சி போய்ச் சேராவிட்டால் அங்கே நடிகர்கள் மேக்கப்போடு ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் முதல் பஸ்ஸைப் பிடித்து ஆறரைக்கே வந்து இங்கிலீஷில் அடித்துவிடுவேன். சார் ஏழே முக்காலுக்கு ஃபிளாஸ்க்கோடு வருவார். நான் அடித்ததைத் தன் மெயிலில் ஒட்டி, கீழே தன் பெயரைத் தட்டி அனுப்புவார். ஒரு வரி படிக்க மாட்டார். ஜகார்த்தாவோடு பேச்சு, மெயில், போன் எல்லாம் அவர் வழியாகத்தான்.

"டைட்டில்ல உன் பேர்தாம்மா வருது, பெருசா!" என்பார். எபிசோடு சிடி கேட்டால், "கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சும்மா" என்பார். மூன்று மாதம் நம்பினேன். என்னை எதால் அடிப்பது?

ஒரு நாள் அவர் திருப்பதி போயிருந்தபோது கூரியர் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி, சிடியைக் கம்ப்யூட்டரில் செருகினேன். லாராஸ் மழையில் பாடிக்கொண்டே ஓடி வருகிறாள். அந்த மழையை நான் எங்கள் வீட்டு கேஸ் அடுப்புக்கு முன்னால் நின்று யோசித்தேன். பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த நொடி எழுத்து வந்தது. கதை, திரைக்கதை: பக்தவத்சலம். அதற்குக் கீழே சின்னதாக, மொழிபெயர்ப்பு: ரெத்னோ. என் பெயர் இல்லை. மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். இல்லவே இல்லை.

திருப்பதியிலிருந்து மொட்டையோடு வந்தார் மனுஷர். லட்டு கொடுத்தார். நான் வாங்கவில்லை.

"கைக்கு சார்? கைக்கு என் பேர் இல்ல?" கோபம் வந்தால் 'ஏன்' என்பதற்கு 'கைக்கு' என்று இந்த ஊர் உருதுதான் எனக்கு முதலில் வரும்.

சார் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்தார். மூடியை இரண்டு தடவை டொக் டொக் என்று தட்டினார். ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றினார். யாரையாவது ஏமாற்றப் போகிறார் என்றால் இது நடக்கும். வீட்டு ஓனரிடம், பேங்க் மேனேஜரிடம் என்று பலமுறை பார்த்திருக்கிறேன். என்னிடமும் நடக்கும் என்று நினைக்கவில்லை.

"உன் நல்லதுக்குத்தாம்மா பண்ணேன். அந்த ஊர்ல பொம்பளைப் பேர் போட்டா மதிக்க மாட்டான். நான் உனக்கு ஒரு குடை மாதிரின்னு வச்சிக்கோயேன்."

"ரெத்னோ பொம்பளைதானே சார்?"

"அது வேற டிபார்ட்மென்ட்மா."

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! வேலையை விட்டுவிட்டு வந்திருக்கலாம். வந்தால் லாராஸ் அவரிடம் போய்விடுவாள், வேறு யாரையாவது வைத்து எழுத வைப்பார். ஜகார்த்தாவில் யாரிடம் போய் நான்தான் எழுதினேன் என்று சொல்வது? அங்கே எல்லோருக்கும் நான் ஆபீஸில் டைப் அடிக்கிற பெண். அங்கே என்ன, என் வீட்டிலேயே அப்படித்தான். அந்த வாரம் என் பெண் சாஹித்யா, சிநேகிதி என்னவோ கேட்க, தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "மா மம்மி டைபிஸ்ட்." பன்னிரண்டு வயசுக் குழந்தை, அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். என் பெயர் அந்தத் திரையில் வந்தாக வேண்டும். அதுவரைக்கும் இந்த மனுஷனைச் சும்மா விடக்கூடாது.

மறுநாள் காட்சியில் ஒரு புது ஆளைக் கொண்டுவந்தேன். பெயர் சுபக்தி. கேசட் கம்பெனி முதலாளி. லாராஸ் எழுதும் பாட்டையெல்லாம் வாங்கி, தன் பெயர் போட்டு விற்கிறவன். தகர டப்பாவை இரண்டு தடவை தட்டி, கிராம்பை வாயில் போட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "உன் நல்லதுக்குத்தான்" என்று சொல்கிறவன். நடையில் இடது கால் கொஞ்சம் இழுக்கும் என்பதைக்கூட விடவில்லை. சார் வந்தார், ஒட்டினார், பெயரைத் தட்டினார், அனுப்பினார். தன் படத்தைத் தானே ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புகிறார்! நான் தலையைக் குனிந்துகொண்டு முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன்.

தினமும் ஒரு ரகசியம் சேர்த்தேன். தொப்பையைத் தடவுவது, டீயை முதலில் மோந்து பார்ப்பது, பெண்களிடம் பேசும்போது மட்டும் குரலைக் குழைப்பது. எழுதுகிற ஒவ்வொரு நாளும் ஒரு அறை கொடுத்த மாதிரி இருக்கும்.

நான் ஒன்று நினைக்க, அங்கே வேறொன்று நடந்தது. சுபக்தி வந்ததும் சீரியல் எகிறிவிட்டது. அப்போதெல்லாம் யாஹூ மெசஞ்சர்தானே? மொழிபெயர்ப்பாளர் ரெத்னோவை அதில் தேடிப் பிடித்தேன். ஒரு நாள் அவள் எழுதினாள்: "ம்பாக் உஷா, இங்கே பஸ்ஸில் பிள்ளைகள் டப்பாவைத் தட்டி விளையாடுகிறார்கள். அம்மாக்கள் சுபக்தியைத் திட்டுவதற்காகவே ஏழு மணிக்கு டிவி முன்னால் உட்காருகிறார்கள்." ம்பாக் என்றால் அக்கா. அந்த 'உன் நல்லதுக்குத்தான்' அவர்கள் பாஷையில் 'டெமி கெபாயிகன்மு'. அதை ஒரு கோடி ஜனம் சொல்லிக்கொண்டிருந்தது. சாருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. சிடி வந்தால் கட்டைப் பிரிக்காமல் அலமாரியில் போடுவார். "நம்ம சீரியலை நாமளே பார்க்கறது அபசகுனம்மா," என்று அதற்கும் ஒரு சாக்கு.

இருநூறாவது எபிசோடுக்கு ஜகார்த்தாவில் விழா. எழுத்தாளரை அழைத்திருந்தார்கள். எழுத்தாளர் பாஸ்போர்ட்டும் புது சஃபாரி சூட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். "ஒரு வாரத்துக்கு நீயே அனுப்பிடும்மா, என் பேர் போட்டு. மறந்துடாதே," என்று பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வாங்கிக்கொண்டேன். உள்ளுக்குள் எரிந்தது எனக்குத்தான் தெரியும்.

விழா அன்று நாலு மணிக்கு ரெத்னோ மெசஞ்சரில் வந்தாள். "அக்கா, இங்கே என்னவோ ஆகிவிட்டது," என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் அடித்தாள்.

அங்கே விழா என்றால் மஞ்சள் சோற்றைக் கூம்பு மாதிரிக் குவித்து நடுவில் வைப்பார்கள். கூம்பின் நுனியை வெட்டி, அன்றைக்கு யாருக்குப் பெருமையோ அவர் கையில் முதலில் கொடுப்பார்கள். பாக் லச்மன் கத்தியோடு நிற்கிறார். சினிமா வம்பு நிகழ்ச்சிக்காரர்களின் கேமரா ஐந்தாறு. சுபக்தியாக நடிக்கிறவர் பக்கத்தில் நிற்கிறார். கீழே இருநூறு பெண்கள். சாரிடம் மைக்கைக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய கூட்டத்தில் பொய் சொல்ல வேண்டும் இல்லையா? கை தானாகப் பைக்குள் போய்விட்டது. டப்பா. டொக் டொக். கிராம்பு. கண்ணாடி மேலே ஏறியது.

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பாம். எழுத்தாளர் தன்னைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்து, நடிகரும் தன் டப்பாவை எடுத்துத் தட்டினாராம். சாருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "நான் எது செய்தாலும் என்னைச் சேர்ந்தவர்கள் நல்லதுக்குத்தான் செய்வேன்," என்று இங்கிலீஷில் ஆரம்பித்திருக்கிறார். இருநூறு பெண்களும் ஒரே குரலில் "டெமி கெபாயிகன்மு!" என்று கத்தினார்கள். சார் கை கூப்பினார்.

அப்போது ஒரு நிருபர்ப் பெண் எழுந்து கேட்டாள்: "சுபக்தி எப்போது லாராஸின் பாட்டைத் திருப்பிக் கொடுப்பான்?"

சார் சிரித்துக்கொண்டே கேட்டாராம், "சுபக்தி யாரு?"

பாக் லச்மன் சாரின் டப்பாவைப் பார்த்தார், நடிகரின் டப்பாவைப் பார்த்தார். கத்தியைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டார். அந்தச் சோற்றின் நுனியை யாருக்கும் கொடுக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். கீழே லேத் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

ஆறு மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது. பாக் லச்மன். ஹிந்தியில் பேசினார், மகளே என்கிற மாதிரி 'பேட்டி' என்று கூப்பிட்டு.

"நிஜத்தைச் சொல்லு பேட்டி. யார் எழுதறது?"

"நான்தான்."

"எத்தனை நாளா?"

"முதல் நாளிலிருந்து. அம்மா ரயிலில் தொலைந்துபோகிற காட்சியிலிருந்து. வேண்டுமானால் அடுத்த இருபது எபிசோடை இப்போதே சொல்கிறேன்."

"வேண்டாம். தன்னையே இவ்வளவு சுத்தமாத் திருடன்னு எழுதிக்க எந்த எழுத்தாளனுக்கும் தைரியம் கிடையாது. அந்தாளு டப்பாவைத் தட்டினப்பவே புரிஞ்சுபோச்சு." சிரித்தார். பிறகு வியாபாரியானார். "திங்கட்கிழமையிலிருந்து உன் பேர் வரும். அவர் பேர் எடுத்துடறேன். ஒரே ஒரு விஷயம். சுபக்தியை மாட்டிவிடாதே. அவனைத் திட்டத்தான் ஜனம் வருது. இன்னும் நூறு எபிசோடுக்கு அவன்தான் ஜெயிக்கணும்."

என் பெயர் வரும். என் பெயருக்குக் கீழேயே அந்த ஆள் தினமும் ஜெயிப்பான். ஏழு மாதம் நான் காத்திருந்தது இதற்கா?

"நக்கோ, முடியாது," என்றேன். "திங்கட்கிழமை சுபக்தி எல்லார் முன்னாலும் வாயால் ஒப்புக்கொள்கிறான். இல்லையென்றால் எட்டு மணிக்குக் காட்சி வராது. உங்கள் நடிகர்கள் மேக்கப்போடு உட்கார்ந்திருக்கட்டும்."

"நீ சுபக்தியைவிட மோசமான பொம்பளை," என்றார். சரி என்றும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சார் என் வீட்டுக்கே வந்துவிட்டார். அதே சஃபாரி சூட், கசங்கிப்போய். அனந்தகிருஷ்ணன் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"நான் ஒத்துக்கறேம்மா, தப்புதான். ரெண்டு பேர் பேரையும் போடச் சொல்லும்மா. மேல உன் பேரு. கீழ சின்னதா என் பேரு. மெட்ராஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். என் சம்பந்தி வீட்ல சிடி போட்டுக் காட்டச் சொல்றாங்க. மொத்தமா எடுத்துட்டா நான் என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்?"

பாவமாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம். அந்த சிடியை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தது ஞாபகம் வந்ததும் பாவம் போன இடம் தெரியவில்லை.

"நாளைக்குக் காலையில் ஆறரைக்கு ஆபீஸ் வாங்க சார். வேலை இருக்கு."

திங்கட்கிழமை அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். "நான் சொல்றேன், நீங்க அடிங்க." அடித்தார். ஒற்றை விரலில், எழுத்து எழுத்தாகத் தேடி. தொலைக்காட்சி அரங்கம். லாராஸ் கூட்டத்தில் நிற்கிறாள். சுபக்தி மைக்கைப் பிடிக்கிறான்.

"அடிங்க சார். 'இந்தப் பாட்டு எதுவும் என்னுடையது இல்லை. இவள் எழுதினாள். நான் என் பெயரைப் போட்டுக்கொண்டேன். அவள் கேட்டபோது, உன் நல்லதுக்குத்தான் என்று பொய் சொன்னேன்.'"

விரல் நின்றது. "உஷாம்மா..."

"மணி ஏழு நாற்பது சார்."

அடித்தார். கடைசியில் பழக்க தோஷத்தில் தன் பெயரின் முதல் எழுத்தைத் தட்டினார். தட்டிவிட்டு, அவரே அதை அழித்தார். 'உஷா அனந்தகிருஷ்ணன்' என்று என் முழுப் பெயரையும் அடித்து, அனுப்பினார். நெற்றியெல்லாம் வேர்வை.

அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு ரெத்னோ எழுதினாள்: "பெயர் வந்தது அக்கா. பெரிசாக. கண்ணால் பார்த்தேன்." நான் உடனே மல்காஜ்கிரி போகிற பஸ்ஸில் ஏறினேன். வழி முழுக்க சிரித்துக்கொண்டே போயிருக்க வேண்டும், கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார்.

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. சுபக்தியாக நடித்தவர் அந்த வாக்குமூலத்தை அப்படி நடித்துவிட்டாராம். குரல் உடைந்து, முழங்கால் மடங்கி. நாடே அழுதது. இரண்டு வாரத்தில் டிவி நிலையத்துக்கு மூட்டை மூட்டையாகக் கடிதம்: பாவம் சுபக்தி, லாராஸ் அவரை மன்னிக்க வேண்டும். பஸ்ஸில் திட்டிய அம்மாக்களே இப்போது அவனுக்காகப் பிரார்த்தனை செய்கிறார்களாம். எந்த ஜனத்தை நான் அந்த ஆளின் மேல் ஏவிவிட்டேனோ, அந்த ஜனம் அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டது.

பாக் லச்மன் போன் செய்தார். "மன்னிச்சுடு பேட்டி. காட்சியிலதான் சொல்றேன்."

ஒரு ராத்திரி யோசித்தேன். மன்னிக்காமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். லாராஸ் அப்படிப்பட்ட பெண் இல்லை. அவளைப் பெற்ற எனக்குத் தெரியாதா? மேலே என் பெயர் வருகிறது, நான் அரைகுறையாக எழுத முடியாது. எழுதினேன். லாராஸ் சுபக்தியின் வீட்டுக்குப் போகிறாள். அவன் கால் பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்காகவே ஒரு பாட்டுப் பாடுகிறாள். "உங்களைச் சுமந்துகொண்டு நடக்க என்னால் முடியவில்லை ஐயா, இறக்கி வைத்துவிட்டேன்," என்கிறாள். நான் எழுதியதிலேயே நல்ல காட்சி அதுதான்.

அன்று சார் முன்னதாகவே வந்திருந்தார். என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் படித்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், உதடு அசைய. பத்து மாதத்தில் நான் எழுதியதை அவர் படித்தது அதுதான் முதல் தடவை. படித்து முடித்துவிட்டுக் கர்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்மா," என்றார், குரல் தழுதழுக்க. "உனக்கு மனசு கேக்காதுன்னு தெரியும். இறக்கி வச்சிட்டேன்னு எழுதிட்டியே... ரொம்பப் பெரிய மனசும்மா உனக்கு. இனிமே எல்லாம் பழையபடி..."

நான் நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தேன்.

"அது லாராஸ் சார். மன்னிச்சது அவ. நான் இல்ல."

அவருக்குப் புரியவில்லை. "நீதானேம்மா எழுதின?"

"ஹவ், ஆமா, நான்தான் எழுதினேன். எழுதத் தெரியும், எழுதினேன். மன்னிக்கத் தெரியாது, மன்னிக்கல." என் மெயிலைத் திறந்து, அவர் கண்ணெதிரே அந்தக் காட்சியை நேராக ஜகார்த்தாவுக்கு அனுப்பினேன். "பாக் லச்மன் ஒப்பந்தத்தை என் பேருக்கு மாத்திட்டார். நாளையிலிருந்து வீட்டில் உட்கார்ந்து எழுதப் போறேன். இந்த ஆபீஸுக்கு இனிமே காட்சி எதுவும் வராது சார்."

"அப்போ இவ்வளவு நேரம் நான் படிச்சது?"

"கதை சார். ஜனங்க அழறதுக்காக."

அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நான் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

பழி வாங்கினால் மனசு ஆறாது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்குச் சரியாக வாங்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். எனக்கு ஆறியது. அன்று மத்தியானம் வீட்டில் வத்தக்குழம்பு வைத்து, அப்பளம் பொரித்து, மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, நாலரை மணி வரைக்கும் தூங்கினேன்.